துரைக்கு யார் சோறு போட்டது?

நீதி உறங்குவதில்லை. காலம், தேசம், பட்டம், பதவி எதற்கும் தலைவணங்காமல் அது இமை கொட்டாது விழித்திருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு மட்டும், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், நாற்காலியில் சாய்ந்து லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அதன் பெயர் வேலாயுதம். போர்ட் கிள்ளான் சுங்கத்துறையில் முப்பத்தோராண்டுகள் பிறர் பெட்டிகளைக் கிளறிவிட்டு, ஓய்வுக்குப் பின் பிறர் விவகாரங்களைக் கிளறுவதற்கு உரிமம் வாங்கி வைத்திருந்தார். அவருடைய உதவியாளர் சுமையா, கிள்ளான்காரி. வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதமாகியும் கொலை வழக்கு ஒன்றுகூட வரவில்லையே என்பது அவள் மனக்குறை.

"சார், எழுந்திரிங்க! கிளையன்ட்!"

வந்தவள் உட்காரவில்லை. பச்சை நிறத் தாதிச் சீருடை, கையில் இரண்டாக மடித்த கடிதம். அதை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள், பறந்துவிடும் என்பதுபோல.

"இதுல நான் சைன் பண்ண மாட்டேன் சார். அத மொதல்ல சொல்லிடுறேன்."

"யாரும் பண்ணச் சொல்லலையே" என்றார் வேலாயுதம், கண்ணாடியைத் தேடியபடி. "உட்காரும்மா. அவசரமில்ல."

"அவசரம் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள பண்ணணுமாம்."

அவள் பெயர் லோகேஸ்வரி. கம்போங் மேடான் மலிவு விலை அடுக்குமாடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, சுங்கை வே பக்கம் இருக்கும் ஒரு விலங்கு மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறவள். ஒன்பது வருட அனுபவம். மருத்துவமனையின் பெயர் 'அமிர்தசஞ்சீவினி விலங்குகள் சிறப்பு மற்றும் அவசர சிகிச்சை மையம்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சாதாரணப் பூனை இறந்துவிடும்.

நேற்று அங்கே புதிய அறுவை அரங்கு திறந்தார்கள். முதல் நோயாளி, பண்டமாரானைச் சேர்ந்த லோரி ஓட்டுநர் நாகையாவின் நாய். முழங்கால் தசைநார் அறுந்து மூன்று காலில் நொண்டிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். பத்தே நிமிடத்தில் அதன் வாயிலிருந்து சோறு வந்தது.

"மயக்கம் குடுக்கும்போது வயிறு காலியா இருக்கணும் சார். இல்லாட்டி உள்ள இருக்கிறது மேல வந்து நுரையீரலுக்குள்ள எறங்கிடும். அதான் நடந்துச்சு. இப்ப ஐ.சி.யூ.ல ஆக்சிஜன்ல கெடக்கு. என் பேக்ல பாதி நாசி லெமாக் இருந்துச்சு. சோறும் சோறும் ஒண்ணுதானேன்னு என்னைக் குற்றவாளி ஆக்கிட்டாங்க."

சுமையா கடிதத்தை உரக்கப் படித்தாள். "'பட்டினியில் வைக்கப்பட்டிருந்த நோயாளிக்கு நான் என் அலட்சியத்தால் உணவளித்தேன் என ஒப்புக்கொண்டு, சுயவிருப்பத்தின் பேரில் விலகுகிறேன்.' சைன் பண்ணலைன்னா?"

"என் பேர எல்லா கிளினிக்குக்கும் எழுதி அனுப்புவாங்களாம். பண்ணினாலும் யாரும் வேலைக்குச் சேர்க்கப் போறதில்ல. ரெண்டுலயும் பொழப்பு போச்சு. போறதுதான் போகுது, எதுக்கு சார் பொய்யில கையெழுத்து வச்சிட்டுப் போகணும்?"

வேலாயுதம் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாயோட பேர் என்ன?"

"துரை."

"போவோம்."

மையத்தின் வாசலில் ஒரு நீரூற்று. நடுவில் பளிங்கு நாய் ஒன்று வாய் வழியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "வாந்தி எடுக்குது சார்" என்றாள் சுமையா, குறிப்பேட்டைத் திறந்தபடி.

வரவேற்பறையில் எட்டடி உயரத்துக்கு ஒரு புதிய புகைப்படம். நேற்றைய திறப்பு விழா. ஹோமப் புகை, பட்டு வேட்டியில் மையத்தின் தலைவர், 'டத்தோ' பட்டம் வாங்கிய பக்தவத்சலம், அவர் முன்னே கழுத்தில் மாலையும் நெற்றியில் சந்தனமுமாக ஒரு கறுப்பு நாட்டு நாய். டத்தோவின் இடது கையில் வாழையிலைத் துண்டு ஒன்று, வலது கை நாயை நோக்கி நீண்டிருந்தது. கீழே எழுத்து: 'முதல் நோயாளிக்குத் தலைவரின் நல்லாசி'.

"நாய் நாக்க நீட்டிச் சிரிக்குது சார். பாவம், என்ன வரப்போகுதுன்னு தெரியாம."

வேலாயுதம் படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். கூரையில் நான்கு கண்காணிப்புக் கேமராக்கள்.

"அது திறப்பு விழாவுக்கு மாட்டினது அங்கிள்" என்றாள் வரவேற்பாளர் வள்ளியம்மா. "வயர் அடுத்த மாசம்தான் வருது."

ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நாகையா நின்றிருந்தார். உள்ளே துரை ஆக்சிஜன் கூண்டுக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"ராத்திரி எட்டு மணியிலேர்ந்து தண்ணிகூட காட்டலை சார்" என்றார் நாகையா. "நான் தின்னா நான் தின்னா அது என்னைப் பாக்குமேன்னு நானும் சாப்பிடல. எங்க தாத்தாவ எஸ்டேட்ல துரை கூப்பிட்டா ஓடணும். இப்ப நான் துரைன்னு கூப்பிட்டா இது ஓடி வரும். அதுக்காக வச்ச பேரு. இப்ப கூப்பிடுறேன், காதுகூட ஆட்ட மாட்டேங்குது."

அறுவை நிபுணர் டாக்டர் முகுந்தன் நேற்றிலிருந்து தூங்காத கண்களோடு வந்தார். "நுரையீரல் கொஞ்சம் தேறுது. ஆனா காலையிலேர்ந்து கிட்னி கெட்டுக்கிட்டே போகுது. அதான் எனக்கு விளங்கல. நுரையீரலுக்குள்ள போன சோத்துக்கும் கிட்னிக்கும் சம்பந்தமே இல்ல. காரணம் தெரிஞ்சா வைத்தியத்த மாத்தலாம். தெரியாம நான் எதைன்னு மாத்துறது?"

"வாயிலேர்ந்து வந்தத பாத்தீங்களா?"

"உறிஞ்சி எடுக்கிற அவசரத்துல பாத்ததுதான். சோறு. பழுப்பு நிறம். கறுப்பா என்னமோ ரெண்டு மூணு. நாசி லெமாக்ல வர்ற நெத்திலித் தலையா இருக்கும்னு டத்தோ சொன்னாரு. துடைச்ச துண்டு அவர்கிட்டதான் இருக்கு."

இருந்தது. கூட்ட அறை மேசையின் நடுவே, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், 'சான்றுப் பொருள் 1' என்று டத்தோவே கைப்பட எழுதி ஒட்டி வைத்திருந்தார். மேசைக்காலிலிருந்து பெட்டி வரைக்கும் எறும்புகள் மிக ஒழுங்காக வரிசை கட்டியிருந்தன. பக்கத்தில், 'சான்றுப் பொருள் 2' என்ற பெயரோடு, பாதி நாசி லெமாக் திறந்த பொட்டலமாகவே கிடந்தது. அதை ஓர் எறும்புகூட சீண்டவில்லை.

வேலாயுதம் குனிந்து பார்த்தார். வயதானவர்கள் குனிவதுபோலக் குனிந்து, நிமிர இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"சுமையா, எல்லாரையும் நாலு மணிக்கு இங்க வரச் சொல்லு."

"சஸ்பெக்ட் எல்லாரையுமா சார்?" அவள் முகம் மலர்ந்தது.

"டத்தோவையும்."

டத்தோ பக்தவத்சலம் டயர் வியாபாரத்தில் பேர் எடுத்தவர். விலங்குகள் மேலுள்ள அன்பால் இந்த மையத்தைத் தொடங்கியதாக மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேட்டி கொடுத்திருந்தார். நாய் தொட்டால் கை கழுவும் வழக்கமும் அவருக்கு உண்டு. நீள மேசையின் தலைமாட்டில் அமர்ந்து தொண்டையைச் செருமினார்.

"நான் ஏற்கெனவே இன்டிபென்டன்ட் என்கொயரி நடத்திட்டேன் மிஸ்டர் வேலாயுதம். சாமி படத்துக்கு முன்னால நிக்க வச்சு ஒவ்வொருத்தரா கேட்டேன். 'நாய்க்கு நீ சாப்பாடு குடுத்தியா?' எல்லாரும் இல்லைன்னாங்க. சோத்தோட பிடிபட்டது இந்தப் பொண்ணு மட்டும்தான்."

"நானும் இல்லைன்னுதான் சொன்னேன்" என்றாள் லோகேஸ்வரி.

"நீ சொல்றத யாரும்மா கேட்டா?"

"அதான் பிரச்சினையே" என்றாள் அவள்.

வேலாயுதம் கையை மெல்ல உயர்த்தினார். "டத்தோ, உங்க விசாரணையில ஒரு பொய்கூட இல்ல. எல்லாரும் உண்மையத்தான் சொல்லியிருக்காங்க. நான் வேற ஒண்ணு கேக்குறேன். நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து பதினோரு மணி வரைக்கும் நீங்கள்லாம் என்ன சாப்பிட்டீங்க? சுமையா, எழுதிக்க."

டத்தோ புருவத்தை நெரித்தார். ஆனாலும் பெருமையாகவே பதில் சொன்னார். "ஹோமத்துக்கு விரதம். பச்சைத் தண்ணி பல்லுல படல."

"கறுப்பு காப்பி, அவ்வளவுதான்" என்றார் முகுந்தன்.

"ரெண்டு பிஸ்கட்" என்றாள் வள்ளியம்மா.

"ஒண்ணுமில்லண்ணே. நாயும் பட்டினி, நானும் பட்டினி" என்றார் நாகையா.

"ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்புல பாதி நாசி லெமாக்" என்றாள் லோகேஸ்வரி. "அதுக்கப்புறம் தியேட்டருக்குள்ள கருவியெல்லாம் அடுக்கிட்டு இருந்தேன்."

சுமையா எழுதி முடித்துப் பட்டியலைப் பார்த்தாள். ஏமாற்றமாக இருந்தது. வேலாயுதம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நல்லது. அது போகட்டும். நேத்து பிரசாதம் எப்படி இருந்துச்சு?"

அறையே ஒரு சுற்று மலர்ந்தது.

"சர்க்கரைப் பொங்கல் சார்!" என்றாள் வள்ளியம்மா. "நெய் அப்படியே வழியுது. லோகேஸுக்குக்கூட தியேட்டர் வாசல்ல கொண்டு போய்க் குடுத்தேன்."

"ஒரு வாய்தான் வாங்கினேன்" என்றாள் லோகேஸ்வரி.

"நான் ரெண்டு தடவ" என்றார் முகுந்தன், கொஞ்சம் வெட்கத்தோடு.

"என் வீட்டம்மா கைப்பக்குவம்" என்றார் டத்தோ. "முந்திரி, திராட்சை அள்ளிப் போடணும்னு நான்தான் சொன்னேன். மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்."

"துரைக்கு?"

"அதுக்கு நானே என் கையால மூணு உருண்டை..." என்று டத்தோ நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்திய நெஞ்சு அப்படியே நின்றது.

அடுத்த கணம் டாக்டர் முகுந்தனின் நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

"திராட்சையா? அது நாய்க்கு விஷம்! கிட்னி அதனாலதான்!" கதவு அடிபட்டு மூடியது. அவர் ஐ.சி.யூ.வை நோக்கி ஓடும் காலடி ஓசை வராந்தா முழுக்கக் கேட்டது. பின்னாலேயே நாகையாவும் ஓடினார். வாசல்வரை போனவர் திரும்பி, "நான் பாத்தேனே சார்! டத்தோ கையால என் நாய்க்குப் பிரசாதம்னு நின்னு அழுதேனே!" என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

"நானும்தான் பாத்தேன்" என்றாள் வள்ளியம்மா. "டத்தோ சாப்பாடு குடுத்தியான்னுதானே கேட்டாங்க. பிரசாதம் எப்படி அங்கிள் சாப்பாடு ஆகும்?"

"ஆகாதும்மா. நம்ம ஆளுங்க கணக்குல ஆகவே ஆகாது" என்றார் வேலாயுதம். "எனக்கு மொதல்ல உறுத்தினது எறும்பு. நாசி லெமாக்ல காரச் சம்பல் இருக்கும், இனிப்பு இருக்காது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தும் எறும்பு துண்டத் தேடித்தான் போச்சு. அப்ப நாய் தின்னது இனிப்புச் சோறு. வாசல்ல படத்துல டத்தோ கையில இலைத்துண்டு, நாய் வாயில நாக்கு. வெறும் ஆசிக்கு இலை எதுக்கு? நாக்கு எதுக்கு? ஆனா டத்தோ பொய் சொல்ற ஆளாத் தெரியல. அப்ப சொல்றவங்களுக்கே தெரியாம விட்டுப்போன ஒண்ணு இருக்கணும். பட்டியலப் பாருங்க. பதில் சொன்ன அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட பொங்கல்னு சொல்லல."

சுமையா பட்டியலை மறுபடி பார்த்தாள். "விரதம்னு சொன்னவரே மூணு தடவ வாங்கியிருக்காரு சார்."

டத்தோ நிறம் மாறி, மெல்லத் தன் குரலைத் திரும்பப் பெற்றார். "பாருங்க, எல்லாம் ஆண்டவன் செயல். பிரசாதத்தால கெடுதல் வந்துச்சுன்னு வெளிய சொன்னா நல்லாவா இருக்கும்? லோகேஸ்வரி, நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. லெட்டரக் கிழிச்சிடு, இத இதோட விட்டுடலாம்."

லோகேஸ்வரி கடிதத்தை எடுத்தாள். கிழிக்கவில்லை. மேசைமேல் பரப்பி, 'லோகேஸ்வரி' என்றிருந்த இடத்தைப் பேனாவால் அடித்து, மேலே நிதானமாக 'டத்தோ பக்தவத்சலம்' என்று எழுதி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வாசகம் எல்லாம் சரியா இருக்கு டத்தோ. நீங்களே எழுதினதுதான். அஞ்சு மணிக்குள்ள சைன் பண்ணுங்க."

"உனக்கு என்ன திமிர்..."

"சைன் பண்ணலைன்னா பரவாயில்ல. ஆனா நேத்து எல்லாரையும் சாமி படத்துக்கு முன்னால நிக்க வச்சு என்னைத் திருடி மாதிரி கேட்டீங்க. அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னால, 'நான்தான் குடுத்தேன்'னு சொல்லுங்க. நான் நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு டியூட்டிக்கு வருவேன். வர வேணாம்னு சொல்ல முடிஞ்சா சொல்லுங்க."

டத்தோ வள்ளியம்மாவைப் பார்த்தார். எப்போதும் "எஸ் டத்தோ" என்று சொல்கிற வள்ளியம்மா, எழுந்து போய் சாமி படத்துக்கு முன்னால் கிடந்த நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டு, நிற்க இடம் பண்ணிவிட்டு வந்தாள்.

நாலு ஐம்பதுக்கு டத்தோ அங்கே, ஊழியர்கள் எல்லார் முன்னாலும் நின்று சொன்னார். குரல் சரியாகக் கேட்கவில்லை என்று பின்வரிசையில் இருந்து யாரோ சொன்னதால் இரண்டாம் முறையும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை துரையின் சிறுநீரகம் சொன்னபேச்சு கேட்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை நாகையா கூப்பிட்டபோது காதை ஆட்டியது, எழுந்து மூன்று காலில் நின்று லோகேஸ்வரியின் கையை நக்கியது. எட்டடிப் படம் வரவேற்பறையிலிருந்து இறங்கியது. அந்த இடத்தில் மும்மொழிகளில் ஓர் அறிவிப்பு வந்தது: 'நோயாளிகளுக்கு உணவோ பிரசாதமோ தரக்கூடாது.'

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் சுமையா வழக்குக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். "எறும்பு புரியுது சார், படம் புரியுது. ஆனா பிரசாதத்த யாரும் சாப்பாட்டுக் கணக்குல சேக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?"

"அனுபவம்" என்றார் வேலாயுதம் கம்பீரமாக, ஜன்னலைப் பார்த்தபடி.

முந்தைய வாரம் அவர் வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போயிருந்தார். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்ட தாதியிடம் இல்லை என்றார். கோயிலில் இருந்து நேராக வந்திருந்தார். ஆறைத் தாண்டக் கூடாத அளவு பதினாறு காட்டியது.