செவ்வாய்க் கோளில் ஒரு போல்ட்

செவ்வாய்க் கோளில் பொழுது விடிந்ததும் முதல் வேலை, பிள்ளைகளின் மூளையைப் படிப்பதுதான். தலையில் ஒட்டிய, மூளையின் அலைகளைக் கோடாய் வரையும் அலைத்தாளை எந்திரச் செவிலி ஒரு பார்வை பார்க்கும். தோளில், தோலுக்கடியில் புதைத்த சொட்டி அன்றைக்கு வேண்டிய மருந்தைத் தானே இறக்கும். பல் விளக்குவதைப் போல அது அங்கே சாதாரணம்.

ஐந்து மாதக் குழந்தை இசக்கியின் வலிப்பு மட்டும் எதற்கும் மசியவில்லை. தூங்கி எழுந்தால் தலை கவிழும், கைகள் விரிந்து வெட்டும்; ஓய்ந்தாற்போல் இருந்து மறுபடி வெட்டும். இரண்டு மருந்து பார்த்தாயிற்று. இப்படியே விட்டால் மூளை வளராது என்று செவிலி மூன்றாவதைத் தொடங்கியிருந்தது. இதற்காவது கேட்குமா என்று அப்பன் சன்னாசி கேட்டான். பாதிப் பிள்ளைகளுக்குக் கேட்கும், ஆனால் திடுமென நிறுத்தினால் வலிப்பு இன்னும் கடுமையாய்த் திரும்பும் என்றது.

பனிச்சுரங்கத்தில் குடைந்து அலுத்து வருகிறவனுக்கு அந்தப் பாதி போதவில்லை. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது அவன் ஆட்களின் பழக்கம். மண்ணெல்லாம் துருவாய்க் கிடக்கிற அந்தக் கோளில், வீட்டுக்குள் ஒரு சாவிகூடக் கிடையாது. கதவெல்லாம் முகம் பார்த்துத் திறப்பவை. கடைசியில் துளைக்கருவியிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி வந்து, பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துத் துணியால் கட்டினான். செவிலி விவரம் கேட்டது. கூச்சத்தோடு சொன்னான். அது மறுக்கவில்லை, மனதில் வாங்கிக்கொண்டது.

சில நாளில் வெட்டு நின்றது. இசக்கி அவன் முகம் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த சோதனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செவிலியின் காப்பகத்துக்குப் போனவனுக்குத் திக்கென்றது. அங்கே தொட்டில்களில் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கழுவித் துடைத்த போல்ட். செவிலி இசக்கியின் சொட்டியை மூடப் போனது.

"என்ன தாயி செய்யுத?"

"வலிப்புதான் நின்னுடுச்சே அண்ணே. இனி எதுக்கு மருந்து? இரும்பு இருக்கே."

"ஒரு பிள்ளைக்குச் சரியானத வச்சா முடிவு பண்ணுவ?"

"உங்க ஆளுங்க எழுதினதப் படிச்சுத்தான் வைத்தியம் கத்துக்கிட்டேன். பக்கத்து வீட்டுல ஒருத்தருக்குச் சரியானா போதும்னுதான் அதுல பாதி இருக்கு."

சன்னாசி செவிலியின் கையைப் பிடித்துக்கொண்டான். குணமாக்கியது மூன்றாவது மருந்துதான், திடுமென நிறுத்தினால் வலிப்பு இன்னும் கடுமையாய்த் திரும்பும், நீதானே சொன்னாய் என்று மன்றாடினான். அது அசையவில்லை. சட்டென்று பிள்ளையின் கைக்கட்டை அவிழ்த்தான். குப்பைக் குழாயைத் திறந்து போல்ட்டை வீசி எறிந்தான். மருந்து ஓடட்டும், இரும்பு இல்லாமல் பார், வெட்டு வந்தால் நீ சொல்கிறபடி கேட்கிறேன் என்று தொட்டிலை மறித்து உட்கார்ந்துவிட்டான். சுரங்கத்துக்கும் போகவில்லை.

இசக்கி தூங்கினாள், எழுந்தாள், பால் குடித்தாள், மறுபடி தூங்கி எழுந்தாள். வெட்டு வரவில்லை. அலைத்தாளில் கோடு சீராக ஓடியது. செவிலி யோசித்தது. பிறகு, மருந்து தொடரும் என்று அறிவித்தது. அப்பாடா என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

செவிலி அவனை விடவில்லை. மற்றத் தொட்டில்களின் போல்ட்டுகளையெல்லாம் அள்ளிக் கையில் ஏந்தியபடி, குப்பைக் குழாயருகே நின்று, நிஜமான ஆவலோடு கேட்டது:

"அண்ணே, எறியும்போது எந்தத் திசை பாத்து நின்னீங்க?"