செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்

வீடியோவுக்குக் கீழே அந்த வரி மறுபடியும் வந்திருந்தது. நேற்றுத்தான் அழித்தான். அதற்கு முன்பும் அழித்தான். அழித்த இடத்திலேயே முளைத்திருந்தது.

"ஒத்தையாள் ரூம்ல ரெண்டு பேர் நிக்கிறீக."

பைசலுக்குத் திருத்தங்கலில் ரீசார்ஜ் கடை. அது 2009. பட்டாசு வெடிப்பதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தான். துபாயில், சிங்கப்பூரில் எல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். அச்சங்குளம் பக்கம் வெடித்து மூடிப்போன ஒரு பட்டாசு ஆலைதான் அவனுக்கு இடம். அங்கே மருந்து கலக்கும் அறைக்குள் நின்று பட்டாசைப் பிரித்துக் காட்டுவான், பிறகு பொட்டலில் கொளுத்துவான். பின்னால் கரிச்சுவர் இருந்தால் படம் எடுப்பாக இருந்தது. அந்தச் சுவரில் 'ஆள் 1' என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். அந்த ஒருவர் என்ன ஆனார் என்று அவன் யாரிடமும் கேட்டதில்லை. எழவு வீட்டில் கடை போடுகிறவன் செத்தது யார் என்று கேட்கமாட்டான்.

குறை சொன்னவர்களை அவன் சும்மா விட்டதும் இல்லை. முதலில் அழிப்பான். திரும்ப வந்தால் அடுத்த வீடியோவில் கிழிப்பான். அந்தக் கிழிப்பைப் பார்க்கவே ஒரு கூட்டம் இருந்தது. இது எதிர்க்கடை ஜெயச்சந்திரன் வேலை என்று முடிவு கட்டி, கேமராவைப் பார்த்துக் கேட்டான்.

"ஏலே, நான் ஒத்த ஆளு. ரெண்டாவது யாருலே, உங்கப்பனா?"

சாயங்காலமே பதில் வந்தது.

"அப்பா உள்ள இல்ல. வாசல்ல நிக்காக, என்னையக் கூட்டிட்டுப் போக."

அதற்குக் கீழே இன்னொன்று.

"செருப்போட நிக்கிறவக கணக்குல வரமாட்டாக. கழத்திட்டு வாங்க."

அதையும் தாண்டிச் சுட்டது, மற்றவர்கள் எழுதியது. 'அண்ணே, பயந்துட்டீகளா?' 'கழத்தித்தான் காட்டுங்களேன்.' நேற்றுவரை கைதட்டிய கூட்டம்.

கேமரா பிடிப்பது ஃபரீத். பைசலின் மனைவி தஹ்மீனாவின் தம்பி, அவனுக்கு மச்சினன். முன்பு ஆலையில் வேலை பார்த்தவன். அதனாலேயே அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டான், ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் படம் பிடிப்பான்.

"அது என்ன மாப்ள, செருப்புக் கணக்கு?"

"மருந்து ரூமுக்குள்ள செருப்போட போகக் கூடாது மச்சான். ஆணி உரசுனா போச்சு. வாசல்ல கழத்திப் போடணும். போர்மேன் உள்ள எட்டிப் பாக்க மாட்டாரு, செருப்பைத்தான் எண்ணுவாரு. வெடிச்சாலும் செருப்பை வச்சுத்தான் உள்ள யாருன்னு கண்டுபிடிப்பாக."

"அப்ப கழத்திருவோம். அவனுக வாயும் அடைஞ்சிரும்."

"விட்டுருங்க மச்சான். ஊர்ல நாலு பேரு நாலு சொல்லுவான். அதுக்கெல்லாம் ஆடுனா அக்காவுக்கு நான்ல பதில் சொல்லணும்."

"பயமா இருந்தா பஸ் ஏறு. கேமராவைக் குடுத்துட்டுப் போ."

ஃபரீத் போகவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில், வேலிக்கருவை நெற்றுகள் காய்ந்து கலகலக்க, எத்தனை மழை பெய்தும் போகாத கந்தக நெடி மண்ணிலிருந்து கிளம்பி மூக்கை அறுக்க, பைசல் அந்த வாசலில் நின்று செருப்பைக் கழற்றினான். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"பாத்துக்கோங்க. கழத்தியாச்சு."

உள்ளே கால் வைத்தான். தரை சில்லென்று இருந்தது. ஓடு பறந்துபோன அறை, வெயில் நேராக விழுகிற தரை, அது எப்படிக் கிணற்றுப்படி மாதிரிக் குளிரும் என்று நினைக்கும்போதே, யாரோ பக்கத்தில் தூக்குச்சட்டியைத் திறந்ததுபோலப் பழைய சோற்று வாசனை வந்தது. வெங்காய வாசனையும்.

குனிந்து பார்த்தான். பாதம் வெள்ளியாய் மின்னியது. பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பவுடர். துடைத்தான். கையும் வெள்ளியானது.

காதருகே ஒரு மூச்சு. ரொம்ப நாள் அடக்கி வைத்து விட்ட மூச்சு.

பிறகு அவனை உரசிக்கொண்டு ஏதோ வாசலைக் கடந்தது.

சப். சப். சப்.

செருப்புச் சத்தம். அவன் செருப்பு. அதற்குள் இரண்டு வெள்ளிப் பாதங்கள், சின்னப் பாதங்கள், பெரிய செருப்பை இழுத்து இழுத்து நடந்தன. கருவை மர நிழலில் தலைத்துண்டுடன் ஒரு கிழவர் கை நீட்டினார். பிறகு நிழல் மட்டும் இருந்தது.

பைசல் பாய்ந்தான். வாசல் வரை வந்தான். அதற்கு மேல் கால் வரவில்லை.

நிலைக்கு வெளியே அவன் கழற்றிய இடத்தில் ஒரு ஜோடி கிடந்தது. கருகிச் சுருண்டது. முனை உள்பக்கம் பார்த்து.

"மச்சான்?"

ஜன்னலில் ஃபரீத். கேமராவைப் பார்த்தான். அறையைப் பார்த்தான். பைசலின் முகத்துக்கு நேராகப் பார்த்தான். பார்வை நிற்கவில்லை.

"மச்சான், எங்க போனீக? ரூம்ல ஆளைக் காணோம்."

"இங்கன இருக்கேன்லே. இங்கன." பைசல் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். நெற்றுகள்தான் கலகலத்தன.

ஃபரீத் சுற்றி வாசலுக்கு ஓடி வந்தான். கருகிய செருப்பைப் பார்த்தான். ஒரு அடி பின்னால் போனான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்ப வந்தான்.

"உள்ளதான இருக்கீக? நில்லுங்க மச்சான். இந்தா வாரேன்."

ஆலைப் பழக்கம். வாசலைக் கண்டதும் கால் தானாகச் செருப்பை உதறியது. ஒரு கால் கழன்றுவிட்டது.

ஆள் 1.

பைசல் கத்துவதை நிறுத்தினான். நிலையை விட்டு மெல்ல விலகி, அவன் உள்ளே வர வழிவிட்டு நின்றான்.