தண்ணீர் ஊற்றிய டப்பா

அன்று காக்களூர் லேபில் இருந்தவர்கள்: கவுண்டருக்கு உள்ளே பூமிகா. வெளியே பரத். பெஞ்சில் அவன் அம்மா அஞ்சம்மாள். கதவருகே வாட்ச்மேன் பச்சையப்பன். அப்புறம்... மழை.

பரத் சண்டை போடவே வந்திருந்தான், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிப்டு முடிந்த கையோடு. அம்மாவின் மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கைக் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. அது ஹார்மோனால் வளரும் கட்டிதான் என்று தெரிந்தால்தான் அதற்கான மாத்திரை.

"ரிப்போர்ட் தருவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

பூமிகா நிமிர்ந்தாள். மைக்ரோஸ்கோப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்கள்... ஆனாலும் என்ன கண்கள்!

"ஹார்மோன் இல்லன்னுதான் வருது. ஆனா பக்கத்துல இருக்கிற நல்ல செல்லுலகூட சாயத்தோட நிறம் ஏறல. அதுல ஏறியே ஆகணும். அப்போ டெஸ்ட்டே தப்பு. சதை வச்சிருந்த இந்த டப்பாவ இன்னா பண்ணீங்க?"

"நானா? உங்க மிஷினு பேஜாரு. எம்மேல போடாதீங்க."

பொய். சதை கெடாமலிருக்க டப்பாவில் ஊற்றியிருந்த மருந்தின் நெடியில் அம்மாவுக்குக் குமட்டியது. ஞாயிறு லேப் லீவு என்பதால் டப்பா வீட்டிலேயே இருந்தது. மருந்தைக் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தான். சுத்தமான தண்ணீர்தானே என்று.

"இல்லன்னே எழுதி அனுப்பிட்டா எனக்கு வேலை முடிஞ்சுது. உங்கம்மாவுக்கு மாத்திரை கிடைக்காது. மறுபடி சதை எடுத்துக்கினு வாங்க."

"இன்னொரு ஊசியா?" பரத்தின் குரல் உடைந்தது.

"குத்திக்கிறேன் நைனா. வா, போலாம்," என்றாள் அஞ்சம்மாள்.

ஒன்பது நாள் கழித்து அதே நான்கு பேர். அதே மழை.

"நூறு செல்லுக்கு எம்பது செல்லுல நிறம் ஏறியிருக்கு. மாத்திரை கேக்கும்மா."

அஞ்சம்மாள் பூமிகாவின் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பரத்துக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை.

"டப்பால தண்ணி ஊத்துனது நான்தான்."

"தெரியும். மிஷின திட்டுறவங்க என் மூஞ்சிய பாத்து திட்டுவாங்க. நீங்க டப்பாவயே பாத்தீங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

"அம்மா இருந்தாங்களே..."

"அடப்பாவி! இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு திரிஞ்ச?" அம்மா சிரித்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்..." என்றான் பூமிகாவிடம்.

"அதையாவது தண்ணி ஊத்தாம சொல்லுங்க."

"உங்கள... புடிச்சிருக்கு."

பச்சையப்பன் சாவியை ஆட்டினார். "மணி ஆச்சும்மா. பூட்டணும்."

இருந்தது ஒரே குடை. அதை விரித்துக்கொண்டு அஞ்சம்மாள் திரும்பிப் பாராமல் முன்னே நடந்துவிட்டாள்.

"நனைஞ்சிடுவீங்க," என்றான்.

"நனையலாம். எனக்கும் புடிச்சிருக்கு," என்றபடி பூமிகா வாசலைத் தாண்டி மழையில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பச்சையப்பன் கதவைச் சாத்திப் பூட்டினார்.