அறையைவிடக் குளிர்ந்தது

உச்சி வெயில் நேரம். அறையின் வெப்பம் முப்பத்திரண்டு டிகிரி. கணினித் திரையோ பிராசசரின் வெப்பம் இருபத்தெட்டு என்று காட்டியது.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பதினோரு வருடமாகக் கணினிச் சாமான்களைச் சோதித்து எழுதுவதுதான் பிழைப்பு. பிராசசரின் தலையில் உட்கார்ந்து, அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவதுதான் ஹீட்சிங்கின் வேலை. எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும், ஃபேன் வைத்த ஹீட்சிங்க் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. மைத்துனன் கொடுத்துவிட்டுப் போன, பெயரில்லாத இந்தக் கறுப்பு ஹீட்சிங்க் இறக்கியது.

வழக்கம்போல் அதன் ஃபேனுக்குப் பின்னால் புறங்கையை வைத்துப் பார்த்தான். பிராசசர் முழு வேகத்தில் ஓடும்போது அங்கே அனல் வீச வேண்டும். மழையில் நனைந்த இரும்பின் வாடையோடு காற்று வந்தது. சூடு துளியும் இல்லை. அப்படியென்றால் சூடெல்லாம் எங்கேதான் போகிறது?

சென்சார் கோளாறு என்று நினைத்து ஹீட்சிங்கைக் கழற்றி மாட்டினான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நாலு ஸ்க்ரூவையும் தன் கையாலேயே முறுக்கினான். இருபத்தாறு. இருபத்து மூன்று. பத்தொன்பது. சோதனைக்காகக் கூரை ஃபேனைக்கூட நிறுத்திவைத்திருந்த அந்தப் புழுக்கத்தில் அவன் விரல் நுனிகள் மரத்துப்போயின, நகக்கண்கள் நீலம் பாரித்தன.

கணினியை அணைத்து நாலாம் முறையாகக் கழற்றியபோதுதான் கவனித்தான். தகடுகளின் இடுக்கில், சூட்டைக் கடத்த பிராசசர் மேல் பூசும் பேஸ்ட் பழசாகிக் காய்ந்து கிடந்தது. ரோஸ் நிறம். அந்த நிறத்துப் பேஸ்டை மைத்துனனைத் தவிர யாரும் பூசிப் பார்த்ததில்லை. "இது பிராசசருக்கா, பல் தேய்க்கவா?" என்று அவனே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறான்.

'பெட்டியைப் பிரிக்கவே இல்ல அத்தான்' என்றல்லவா சொன்னான்?

போன மாதம் முழுக்க, மண்டை பிளக்கும் வெயிலில், மைத்துனன் சுவெட்டரோடு திரிந்தது ஞாபகம் வந்தது. வீடியோ காலில் அழைத்தான். திரையில் தெரிந்த மைத்துனன் பனியனோடு உட்கார்ந்திருந்தான்.

"டேய், இதை நீ ஏற்கெனவே மாட்டிப் பார்த்தியா?"

மைத்துனன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். ஈரமான அந்தக் கையை ஆசையோடு பார்த்தான்.

"எனக்கு வேற வழி தெரியல அத்தான். கழட்டிப் போட்டாலும் விடாது, தூக்கி எறிஞ்சாலும் விடாது. இன்னொருத்தர் கை ஸ்க்ரூவை முறுக்கினாத்தான் நம்மள விடும்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"மத்தவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நான் குடுத்தா ஒரு வார்த்தை கேக்காம மாட்டுறது நீங்க மட்டும்தான்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. படிக்கவைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, சொந்தத் தம்பியாக அவன் பார்த்துக்கொண்ட மைத்துனனே கூட இருந்து குழி பறித்துவிட்டான். குளிரைவிட அதுதான் அதிகம் வலித்தது.

மடியில் கிடந்த ஹீட்சிங்கின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த வயரும் இல்லாமல்.

தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பமானியை எடுத்து உள்ளங்கைக்கு நேரே பிடித்தான். இருபத்தொன்பது. கறுப்புத் தகட்டுக்கு நேரே பிடித்தான். முப்பத்தேழு. உயிருள்ள உடம்பின் சூடு.

மறுபடி உள்ளங்கை. இருபத்தேழு.

மூச்சு புகைந்தது.

கதவு திறந்தது. மனைவி.

"என்னங்க, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? கை வேற இப்படி நடுங்குது! எழுந்து தள்ளி உக்காருங்க, நான் மாட்டித் தரேன்."

வேண்டாம், தொடாதே, போய்விடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தான். கை ஸ்க்ரூ டிரைவரை அவளிடம் நீட்டியது.

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முதல் ஸ்க்ரூ. இரண்டாவது. மூன்றாவது.

நாலாவது இறுகியது. அவன் நெற்றியில் ஒரு துளி வியர்த்தது.

"என்னங்க, அந்த ஃபேனை நிறுத்துங்களேன், குளிருது" என்றாள் அவள், முந்தானையால் தோளை இறுக்கிப் போர்த்திக்கொண்டு.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கூரை ஃபேன் அசையாமல் தொங்கியது. ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்திருந்த அவள் விரல்களில், நகங்கள் ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டிருந்தன.