பொற்கொடியின் இருமல்

காலை ஆறு மணி அடித்ததும் எண்ணூர் நலக்குடியிருப்பில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள். மூன்று குட்டை இருமல், ஒரு நெட்டை இருமல், கடைசியில் மூக்கு வழியாக மெல்லிய விசில். இருமி முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனார்கள். வாசல்களுக்கு மேலே விளக்குகள் சிவப்பாக எரிந்தன. சிவப்பு எரிந்தால் அந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று அர்த்தம். அதாவது, கவலைப்பட ஒன்றுமில்லை.

ஏழாவது கோபுரத்தின் ஒன்பதாவது மாடியில், பொற்கொடியின் வீட்டில் மட்டும் விளக்கு பச்சையாக எரிந்தது.

"நலம்," என்றது சுவர். "திரு. தேசிங்கு அவர்களுக்கு இரண்டாவது நாளாக நோய்க்குறி இல்லை. வாழ்த்துகள். நாளையும் இப்படியே இருந்தால் முப்பது நாட்களில் வீட்டை ஒப்படைத்துவிடலாம்."

பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் அவள் கணவன் தேசிங்கு துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தான். அவன் துண்டை எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது.

இந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் சுகாதாரத்துக்கு ஒரு துறை, வீட்டுவசதிக்கு ஒரு துறை என்று தனித்தனியாக இருந்தன. ஒரு துறை நோயாளியைக் குணப்படுத்தி அனுப்பும். அவர் ஒழுகும் கொட்டகைக்குத் திரும்பிப் போவார், அடுத்த மாதமே வந்து மறுபடி படுப்பார். வீடு இல்லாதவனுக்கு மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் கேட்டார். 2107ஆம் ஆண்டில் இரண்டு துறைகளும் ஒன்றாயின. நோயாளிக்கு ஒரு வருடக் கெடுவில் வீடு, நோய் நீடித்தால் நீட்டிப்பு; அவர் குணமானதும் அந்த வீடு அடுத்த நோயாளிக்கு. காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் கிடையாது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவர் நலச்சுவர். அது தொடாமலே காய்ச்சல் பார்க்கும், மூச்சை முகரும், இருமலைக் கேட்கும். அந்தரங்கச் சட்டம் இருந்ததால் காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடமும், யாராவது தொட்டுக் கூப்பிட்டால் அப்போதும் மட்டுமே காது கொடுக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு தருவதும் அதுதான். சீட்டு இல்லாதவருக்கு எந்த ஆஸ்பத்திரிக் கதவும் திறக்காது.

எண்ணூரில் நோய் என்றால் உப்பிளைப்பு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் உப்புப் புகையில் வருவது. படம் பிடித்தாலும் தெரியாது, ரத்தத்தைச் சோதித்தாலும் தெரியாது. இருமலின் ஓசை ஒன்றுதான் சாட்சி. சுவர் அதை நோயாளிகளிடமிருந்தே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது.

குணமானால் தெருவுக்குப் போ என்று சொல்லிவிட்டு, சீக்கிரம் குணமாகு என்றால் எவன் குணமாவான்? ஏழை என்று எழுதி வாங்கத் தாலுகா ஆபீசில் கால்கடுக்க நின்றவர்களின் வம்சம், நோயாளி என்று எழுதி வாங்க வந்து நின்றது.

அந்த வரிசையில்தான் பதினொரு வருடத்துக்கு முன்பு பொற்கொடியும் தேசிங்கும் நின்றார்கள். பாலத்துக்கு அடியில் தார்ப்பாய் கட்டி, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் கட்டில் போட்டுப் படுத்தவர்கள். தேசிங்குக்கு அப்போது கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு. வரிசையில் நிற்கும்போதே பொற்கொடி ஓர் இருமலைக் கற்பனை செய்து அவன் காதில் ஓதினாள். விசில் அவளுடைய சொந்தச் சேர்க்கை. சுவர் அப்போது புதிது, நம்பிவிட்டது. வீடு கிடைத்தது. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அவள் முகம் கோணாமல் சொல்லிக்கொடுத்தாள். காலையில் குடியிருப்பே தன் இருமலை இருமும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

இப்போது தேசிங்குக்கு நிஜமாகவே வந்துவிட்டது. ஆலையில் குழாய்களுக்குள் இறங்கி உப்பு சுரண்டும் வேலை அவனுக்கு. ஒரு மாதமாக இளைப்பு, ஒரு வாரமாக ரத்தம். அவன் இருமலில் குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரே இழுவையாக வந்து, பாதியில் மூச்சு நின்று, மறுபடி தொடங்கியது.

வாசலில் பக்கத்து வீட்டு ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ரெண்டாவது நாளா பச்சை எரியுது? அண்ணன் இருமலை மறந்துட்டாரா? ஊருக்கே கத்துக்குடுத்தவ நீ, உன் வூட்டுலயே இப்படின்னா எப்படி?"

"தொண்டை கட்டியிருக்கு ரெஜினா. நாளைக்கு சரியாயிடும்," என்றாள் பொற்கொடி, துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

உண்மையைச் சொல்ல முடியுமா? நோயாளிகள் மட்டுமே குடியிருக்கும் அந்த இடத்தில் ஒரு நோயாளி இருக்கிறார் என்று தெரிந்தால், லிஃப்டில்கூட ஏற விடமாட்டார்கள்.

ரெஜினா போனதும் பொற்கொடி கதவைச் சாத்திவிட்டு வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.  அவள் சொல்லப்போகும் பேச்சு ஆயிரத்து இருநூறு குடும்பங்களைத் தெருவில் நிறுத்திவிடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் கட்டிலில் கிடப்பது அவளுடைய புருஷன்.

"சொல்லுங்கள், அம்மா," என்றது சுவர்.

"நாங்க இருமுனதெல்லாம் பொய்யி. நான்தான் அதைக் கண்டுபுடிச்சேன். இங்க கீற அத்தினி பேருக்கும் நான்தான் கத்துக்குடுத்தேன். இப்ப இவரு இருமுறாரு பாரு, அதான் நெஜம். ரத்தமா வருது. ஒரு சீட்டு குடுய்யா, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்."

பொற்கொடி கையை எடுக்காமல் நின்றாள். 

"இந்தக் குடியிருப்பில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒரே மாதிரியான இருமல்," என்றது சுவர். "ஒருவருக்கு மட்டும் வேறு மாதிரி. எல்லோருக்கும் இருப்பதுதான் நோய், அம்மா. ஒருவருக்கு மட்டும் இருப்பது நோயாக இருக்க முடியாது. தவிர, உப்பிளைப்பில் ரத்தம் வருவதில்லை. ஈறைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

"வரும்யா! மொதல் வருஷம் நாப்பது பேரு வந்தாங்களே, ரத்தமா கக்கிக் கக்கிச் செத்தாங்களே, அவங்க?"

"அந்த நாற்பது பேரின் இருமல் மற்றவர்களின் இருமலோடு ஒத்துவரவில்லை. அதனால் அவர்களை என் பாடத்திலிருந்து நீக்கிவிட்டேன்."

பொற்கொடி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். தான் சொன்ன பொய்யே சுவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மரியாதையாகத் தன்னை வெளியே போகச் சொல்வதுபோல் இருந்தது. இப்படி ஒரு பயத்தை அவள் பாலத்துக்கு அடியில், வெள்ளம் ஏறும்போதுகூடப் பட்டதில்லை.

இனி ஒரே வழிதான் இருந்தது.

"எழுந்து உக்காருயா," என்றாள். "மூணு குட்டை, ஒரு நெட்டை, ஒரு விசில். வா."

"வூடு போனா போவுது மே. என்னால முடியல."

"வூடு போனா சுவரு போச்சு. சுவரு போனா சீட்டு போச்சு. அப்பால நீயும் போயிடுவ. விளக்கு செவப்பாகட்டும், நான் சீட்டு வாங்கிடறேன். அசல் வந்தா முழுங்கிடு."

பதினொரு வருடம் பாதித் தூக்கத்தில் இருமிய இருமல் அது. இப்போது வரவில்லை. இரண்டாவது குட்டை இருமலுக்குள் நிஜம் முண்டியடித்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. பொற்கொடி அவன் முதுகைத் தடவினாள், தண்ணீர் கொடுத்தாள், மறுபடி தொடங்கச் சொன்னாள். அவன் கண்ணில் நீர் வழிய அவளைக் கும்பிட்டான். அவள் விடவில்லை. சாகக் கிடப்பவனுக்கு நோயாளியாக நடிக்கச் சொல்லிக்கொடுத்தபடி அந்தப் பகல் முழுவதும் போயிற்று.

மறுநாள் ஆறு மணி அடித்தது.

தேசிங்கு கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். ஒரு குட்டை. இரண்டாவது. மூன்றாவது வரும்போது நெஞ்சு தூக்கிப் போட்டது. உதட்டைக் கடித்து விழுங்கினான். நெட்டை இருமல் நடுங்கிக்கொண்டு வந்தது. விசில் வந்ததா என்றே தெரியவில்லை. பொற்கொடி தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசல் விளக்கு சிவந்தது.

"வருந்துகிறேன்," என்றது சுவர். "திரு. தேசிங்கு அவர்களுக்கு உப்பிளைப்பு திரும்பியிருக்கிறது. திரும்பி வந்த நோய் என்பதால் வீடு ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ கைதட்டினார்கள். ஐந்து ஆண்டு நீட்டிப்பு அந்தக் கோபுரத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை. ரெஜினா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பொற்கொடியின் வாயில் மைசூர்பாகைத் திணித்தாள். பொற்கொடி சிரித்தாள். சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கியது. அப்புறம்தான் அவளுக்கு எதற்காக இதெல்லாம் என்று நினைவு வந்தது. பாய்ந்து போய்ச் சுவரைத் தொட்டாள்.

"சீட்டு குடு. ஆஸ்பத்திரிச் சீட்டு."

"தேவையில்லை, அம்மா. உங்கள் கணவருக்கு இருக்கும் இந்த நோய் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. வெந்நீர் போதும்."

மைசூர்பாகு பொற்கொடியின் வாயில் அப்படியே நின்றது. அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சுவரிலிருந்து கையை எடுத்தாள்; ஐந்து நிமிடமும் முடிந்து சுவர் காதை மூடிக்கொண்டது.

கட்டிலில் தேசிங்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததை விட்டுவிட்டான். அந்த இழுவை இருமல் அறையைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, லிஃப்ட் வாசல் வரைக்கும் போயிற்று. வெளியே நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ரெஜினாவின் கண் விரிந்தது.

"ஓ... இதானா சேதி! புது இருமலா? அசலே தோத்துது போ! அதான் அஞ்சு வருஷம் அள்ளிக் குடுத்துருச்சு. அக்கா, எங்க வூட்டுக்காரருக்கும் இதைக் கத்துக்குடேன். எனக்கும் அடுத்த மாசத்தோட வூடு முடியுது."

"எங்களுக்கும்," என்றது வாசலில் இன்னொரு குரல். அதன் பின்னால் இன்னும் நாலைந்து.

பொற்கொடி சுவரைப் பார்த்தாள். எல்லோருக்கும் இருப்பதுதான் நோய் என்று அது சொன்னது அவள் காதில் ஓடியது. ஒருத்தர் இருமினால் பச்சை விளக்குதான். எல்லோரும் இருமினால்? புது நோய் என்று சீட்டு தருமோ? சுவர் அதைக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? தேசிங்கிடம் எத்தனை நாள் இருக்கிறது? அவளுக்குத் தெரியவில்லை. வாயிலிருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"கத்துக்குடுக்கறேன்," என்றாள். "ஆனா ஒண்ணு. நாளைக்குக் காலையில பன்னெண்டு கோபுரமும் இதையேதான் இருமணும். ஒரு வூடு விடக் கூடாது. போய் எல்லாரையும் கூப்புடு."

ரெஜினா ஓடினாள். சற்று நேரத்தில் தாழ்வாரம் நிரம்பி, ஜனம் படிக்கட்டு வரை நின்றது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு தேசிங்கின் வாயையே பார்த்தார்கள்.

பொற்கொடி கட்டிலில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். புதுத் துண்டு ஒன்றை அவன் கையில் கொடுத்தாள்.

"இன்னொரு தரம் இருமுயா," என்றாள். "பின்னால நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."