பொத்தானுக்கு வேலை இல்லை

அப்பாவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நான்கையும் மர அறுவை ஆலையின் ரம்பம் எடுத்துக்கொண்டது. புண் ஆறிவிட்டது. விரல்கள் திரும்ப வரப்போவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது ஆலையில் அவருக்குக் கேட் திறக்கும் வேலை. முதல் சங்கு ஊதும்போது வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் இரண்டாவது சங்குக்குள் கேட்டைத் திறக்க முடியும். வெளியே மரம் ஏற்றிய லாரிகள் நிற்கும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகிவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

தாமதத்துக்குக் காரணம் பொத்தான்.

அம்மா சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விடியும் முன்பே போய்விடுவாள். காலையில் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். மகளுக்குப் பத்து வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அவளுக்கு நண்டு என்று பெயர் விழுந்துவிட்டது.

நண்டு பாயில் படுத்தபடியே அப்பாவைப் பார்ப்பாள். கயிற்றில் தொங்கும் சட்டைகளில் எதன் பொத்தான் துளை தளர்ந்திருக்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். ஒன்றைப் போடுவார். இடது கையால் பொத்தானோடு மல்லுக்கட்டுவார். முடியாமல் கழற்றிவிட்டு இன்னொன்றை எடுப்பார். கடைசியில் ஏதோ ஒன்றைக் கோணல்மாணலாக மாட்டிக்கொண்டு ஓடுவார். சட்டைக்கு என்ன காய்ச்சலா, இப்படிக் கோணிக்கொண்டு நிற்கிறது என்று ஆலையில் கேலி செய்தார்களாம்.

ஒருநாள் நண்டு எழுந்துபோய்ப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அப்பா சுவரைப் பார்த்தபடி மரக்கட்டை போல நின்றார். மறுநாளும் அவள் கிட்டே போனபோது, "தள்ளிப் போ" என்றார். அதோடு சரி.

விடுமுறை நாளன்று மத்தியானம் அப்பா தூங்கும்போது, நண்டு அவருடைய ஐந்து சட்டைகளையும் தரையில் விரித்தாள். மூன்று சட்டைகள் ஆலையில் கொடுத்தவை. ஒரே சாம்பல் நிறம், தொளதொளவென்று இருக்கும். மற்ற இரண்டும் இறுக்கம். அவற்றை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

தன் யோசனையை அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அப்பா கோபித்தால் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு, அம்மா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

நண்டு பொத்தான்களை வெட்டி எடுத்தாள். தலை நுழையும் அளவுக்குக் கழுத்தில் திறப்பு விட்டுவிட்டு, கீழே முழுவதும் சேர்த்துத் தைத்தாள். பிறகு ஒவ்வொரு பொத்தானையும் பழைய இடத்திலேயே, துளைக்கு மேலே வைத்துத் தைத்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் பொத்தான் போட்ட சட்டைதான். தையல் கொஞ்சம் கோணல். ஆனாலும் யார் கிட்டே வந்து பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு சட்டையை எடுத்தார். பிரித்துப் பார்த்தார், பிரியவில்லை. குழம்பிப்போய்த் தலை வழியாக மாட்டினார்.

தலை வெளியே வரவில்லை. இரண்டு கைகளும் மேலே நிற்க, அவர் அறையில் முட்டிமோதினார்.

"நண்டு, என்ன பண்ணி வச்சிருக்க?" என்று சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவள் ஓடிப்போய்ச் சட்டையை உருவினாள். அப்போதுதான் தெரிந்தது. முதலில் தைத்த சட்டை அது. மடியில் வைத்துத் தைத்ததில், முன்பக்கத்தோடு முதுகையும் சேர்த்துத் தைத்திருந்தாள்.

அப்பாவின் முகம் சிவந்திருந்தது. கயிற்றில் இருந்த மற்ற இரண்டையும் பார்த்தார். அவையும் பிரியவில்லை.

"என்னைக் கைக்குழந்தைன்னு நினைச்சிட்டியா? தலை வழியா மாட்டிவிடுறதுக்கு?"

 நண்டு கையிலிருந்த சட்டையை அவர் முன்னால் நீட்டினாள்.

"கைக்குழந்தைக்கு யாருப்பா பொத்தான் வச்சுத் தைப்பாங்க? உங்களுக்குத்தான் வச்சிருக்கேன். வெளியில யாருக்கும் தெரியாது."

அப்பா ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார்.

முதல் சங்கு ஊதியது.

அவர் இரண்டாவது சட்டையை எடுத்துத் தலையை நுழைத்தார். முடியெல்லாம் சிலுப்பிக்கொண்டு தலை வெளியே வந்தது. அவ்வளவுதான் வேலை. கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வெளியே போனார்.

பள்ளிக்கூடத்தில் அன்று நண்டுவுக்குப் பாடம் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் சட்டையின் தையலைப் பிரித்து, நடுவே ஓர் அட்டையைச் செருகி மறுபடியும் தைத்தாள்.

இருட்டும் நேரத்தில் அப்பா நனைந்துபோய் வந்தார். மேஸ்திரி என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றார் அப்பா. தலையைத் துவட்டியபடி, "இன்னிக்கு என் சட்டையை யாருமே பாக்கல" என்றார்.

 மழை நாளில் கை வலிக்கும். விரல் இல்லாத இடத்தைத் தேய்த்தபடி சாப்பிட்டு முடித்தார். எழுந்து வாசலுக்குப் போய், தன் வேலைக்கான ஷூக்களை எடுத்துவந்து நண்டுவின் முன்னால் வைத்தார்.

"லேஸைக் கட்ட முடியல. உள்ள திணிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன். கழண்டு கழண்டு போகுது" என்றார். "இதுக்கு ஏதாவது வழி இருக்கா பாரு."

நண்டு ஒரு ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கால நீட்டுங்க. அளவு பாக்கணும்."

அப்பா காலை நீட்டினார்.