அம்மாவின் அனுமதியுடன்

அன்று சாயங்காலம் சுண்டு கூடுதல் நேரம் கேட்கவில்லை.

தினமும் கேட்பாள். பள்ளி விட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். உடனே அம்மாவின் கைபேசியில் ‘இன்னும் அரை மணி நேரம்?’ என்ற கேள்வி வந்து நிற்கும். பல் செட் செய்யும் கூடத்தில், இரண்டு கைகளிலும் பல் அச்செடுக்கும் ஈர மாவு அப்பியபடி நிற்கும் அம்மா விரல் முட்டியால் ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ தட்டிவிட்டு, அச்சுக்குத் திரும்புவாள்.

வெளியே மழை கட்டிக்கொண்டு வந்திருந்தது. உருகும் மெழுகின் வாசனையும், பற்களைத் தேய்க்கும் சிறிய சக்கரத்தின் ரீங்காரமும், ஜன்னலோரத் தட்டில் யாருடைய வாயையோ எதிர்பார்த்து வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த பல் செட்டுகளும் எப்போதும்போலத்தான் இருந்தன. மேசை விளிம்பில் கிடந்த கைபேசி மட்டும் அசையவே இல்லை. அம்மாவின் கண் அதிலேயே இருந்தது.

“பொண்ண வேவு பாக்கறதுக்குத் தனியா சம்பளமா அக்கா?” என்றான் பக்கத்து மேசையில் மெழுகு வேலை பார்ப்பவன். “அந்தத் தாடையக் கொஞ்சம் பாருங்க. அத மாட்டினா பெரியவர் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது.”

“உனக்குப் புள்ள பொறக்கட்டும். அப்ப வந்து பேசு” என்றபடி அவள் கையைத் துடைத்துக்கொண்டு, டேப்பைக் கண்காணிக்கும் செயலியைத் திறந்தாள்.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. நேரக்கட்டுப்பாடு முழுவதும் எடுக்கப்பட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், ‘அம்மா அனுமதித்தார்.’

முட்டி பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“சுண்டு, என்ன பண்றே?”

“படம் பாக்கறேன். நீதானே எவ்ளோ நேரம் வேணாலும் பாருன்னு சொன்னே.”

“நான் எப்படி சொன்னேன்?”

“இப்பதான். வந்து தலையத் தடவிட்டுப் போனியே.” மகள் சிரித்தாள். “உள்ளேயே இருந்துக்கிட்டு எதுக்குப் போன் பண்றே? சோம்பேறி.”

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். விளையாடுகிறாள் என்று அம்மாவும் சிரிக்க வாயெடுத்தாள். அப்போது போனுக்குள், மகளின் மூச்சுக்குப் பின்னால், சமையலறைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் விழுந்தது. பிறகு யாரோ குழாயை மூடினார்கள். பாத்திரம் ஒன்று, சத்தம் வரக்கூடாது என்ற கவனத்தோடு, மேடையில் வைக்கப்பட்டது.

“சுண்டு. சமையலறையில யாரு?”

படத்தின் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் வீடு முழுவதும் காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. பிறகு, பள்ளியில் பெரியவர்களிடம் பேசும் குரலில், மிக மரியாதையாக மகள் கேட்டாள்:

“நீங்க யாருங்க பேசறது?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மாவு காய்ந்த கையோடு அம்மா தெருவில் இறங்கினாள். மழை பிடித்துக்கொண்டது. கடைகள் விளக்கைப் போட ஆரம்பித்திருந்தன. குடையில்லாத ஆட்கள் கூரைகளுக்கடியில் ஒண்டி நின்று, ஓடும் அவளை வேடிக்கை பார்த்தார்கள். மறுபடி மறுபடி போன் அடித்தாள். எடுக்கவில்லை. டேப்பையாவது இங்கிருந்தே பூட்டலாம் என்று செயலியைத் திறந்தால், திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. ‘இந்தக் கைபேசி குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டது.’

ஓடும்போதே அவளுக்குப் புரிந்தது, மகள் ஏன் போனை எடுக்கவில்லை என்று. இணையத்தில் கிடைக்கும் ஒரு துண்டுக் குரலை வைத்து யாருடைய குரலையும் செய்துவிடலாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மாதான் சொல்லிக்கொடுத்து வந்திருந்தாள். போனில் வருவது என் குரலாகவே இருந்தாலும் நம்பாதே. சந்தேகம் வந்தால் வை. கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினாலும் ரகசியச் சொல்லைக் கேள். சொல்லை நான்தான் மாற்றுவேன், உன்னிடம் நேரில் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே வெளியே நின்று அழுதுகூடப் பார்த்தாள். சுண்டு திறக்கவில்லை. பிறகு உள்ளே வந்து அவளைத் தூக்கிச் சுற்றினாள் அம்மா. என் கெட்டிக்காரி என்றாள்.

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“சுண்டு, அம்மாடா. கதவத் திற.”

கதவுக்குப் பின்னால் காலுறைகள் தரையில் உரசி வந்து நின்றன.

“சொல் என்ன?”

“நத்தை.”

“அது பழசு.” குரல் நடுங்கியது. “எங்கம்மா இன்னிக்கு மாத்திட்டாங்க.”

“சுண்டு, உள்ள இருக்கறது அம்மா இல்ல. நான் சொல்றதக் கேளு. நான்தான்…”

“அப்படித்தான் சொல்வாங்கன்னு எங்கம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க.”

அம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மகளின் காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சத்தைச் சொன்னாள். காய்ச்சலில் அவள் உளறியதைச் சொன்னாள். பிறந்தபோது அழாமல் எல்லாரையும் பயமுறுத்தியதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே விசும்பல் கூடியதே தவிர தாழ்ப்பாள் அசையவில்லை.

“அதெல்லாம் எங்க டேப்லயே இருக்கு. போட்டோ, வீடியோ, அம்மா பேசினது எல்லாம். அத வச்சு யார் வேணா பேசலாம்.”

ஒரு பாடத்தையும் மறக்கவில்லை. ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. அந்த நேரத்திலும் ஒரு கணம் அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது.

“சரி. நாற்காலி போட்டு ஏறி, கண்ணாடித் துளை வழியாப் பாரு. என் முகத்தப் பாரு. அதுக்கப்புறம் நீ என்ன சொல்றியோ செய்யறேன்.”

நாற்காலி இழுபடும் சத்தம் வரவில்லை. துளையில் இருந்த வெளிச்சம் மறைந்தது. யாரோ பார்த்தார்கள். நீண்ட நேரம். அம்மா தன் ஈர முகத்தைத் துளைக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வெளிச்சம் திரும்பியது.

“அம்மா பாத்துட்டாங்க” என்றாள் மகள், கதவின் அடிப்பக்கத்திலிருந்து. “வெளிய யாருமே இல்லையாம்.”

அம்மா மண்டியிட்டாள். தபால் போடும் துவாரத்தின் தகடு இறுகியிருந்தது. நகத்தால் தூக்கினாள். உள்ளேயிருந்து சூடான காற்று வந்தது. சோப்பு வாசனை.

சுண்டு கதவுக்கு மிக அருகில், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். அவளுக்குப் பின்னால் வேறு கால்கள் இல்லை. கூடம் காலி. சோபாவில் டேப் தனியாக ஒளிர்ந்தது.

யாரும் இல்லை. அம்மாவுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் மகளின் தலையில் இருந்த கையைப் பார்த்தாள்.

மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது. அன்பாக. நெற்றியிலிருந்து பின்னந்தலை வரை. மறுபடி நெற்றியிலிருந்து. மணிக்கட்டு தெரிந்தது. முழங்கை தெரிந்தது. அதற்குப் பிறகும் கை. சோபாவைத் தாண்டி. சாப்பாட்டு மேசையைத் தாண்டி. தரையோடு வளைந்து, சுவர் மூலையில் திரும்பி, விளக்குப் போடாத படுக்கையறைக்குள்.

சுண்டு கண்ணைத் திறக்காமல், அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.